நடவுப் படத்துக்கு நின்றவள்

நெருள்
18 நவம்பர் 2024

ராஜா,

நான் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் கேட்டுக்கொண்டே இருந்துவிடுவேன். கடைசியில் "சரி, வரேன்" என்றும் சொல்லிவிடுவேன். எழுதும்போது குறுக்கே பேச ஆளில்லை. அதனால் நீங்களும் எழுதுங்கள். சுலைகா வீட்டு முகவரி உறையில் இருக்கிறது. அவளுடைய பெண் புனேயில் வேலைக்குப் போனதிலிருந்து ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. லைப்ரரிக்கு நாங்கள் இருவரும் ஒரே ரயிலில்தான் போகிறோம்.

நேற்று தமிழ் மன்றத்தின் புது அரங்கில் நடந்ததை நீங்கள் பெரிதாக நினைக்கவில்லை என்று தெரியும். மேடையிலேயே சிரித்துக்கொண்டுதானே நின்றீர்கள். உங்கள் கையில் பொன்னாடை. பக்கத்தில் செயலாளர் வைத்தீஸ்வரன் சார். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நம்ம ஹாலுக்கு வரப்போற நடவுப் படத்துல நாத்து நடறது இவங்கதான். மாடல் இல்லை, நிஜமாவே வயல்ல எறங்கி நட்டவங்க. அம்மா, நீங்களே ஒரு குலவை போட்டு ஆரம்பிச்சு வையுங்கோ!"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

ராஜா, நான் மாட்டுங்காவில் பிறந்தவள். என் அப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. நாற்று என்பதை நான் முதலில் பார்த்தது உங்கள் கேன்வாஸில். அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கைதட்டினார்கள். முன் வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "பாவம், பாம்பேக்கு வந்து மறந்துபோச்சு."

சிரித்துவிட்டுப் போகவேண்டிய விஷயம்தான். என்னால் முடியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, ஆட்டோ பிடித்து, சுலைகா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் வயலில் நட்டவள் என்று அவரிடம் யார் சொன்னது? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

ஷாலினி


செம்பூர்
23 நவம்பர் 2024

ஷாலு,

தமிழில் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் கற்ற கையெழுத்து இது. பிழை இருந்தால் லைப்ரரியன் அம்மா மன்னிக்க வேண்டும்.

நேராகக் கேட்டாய். நேராகவே சொல்கிறேன். வைத்தீஸ்வரன் சார் படத்தைப் பார்க்க வந்த அன்று, "மேடம் எந்த ஊர்?" என்று கேட்டார். "எங்க ஊருதான்" என்றேன். புருஷன் ஊர் பெண்டாட்டிக்கும் ஊர்தானே என்று நினைத்துச் சொன்னது. "அப்ப வயல் வேலையெல்லாம் பழக்கமா?" என்றார். நான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே சரியாக நினைவில்லை. மற்றதெல்லாம் அவராகச் சேர்த்துக்கொண்டது. அணுசக்தி நகரில் முப்பது வருஷம் இன்ஜினியராக இருந்த மனுஷன், இப்போது யாரைப் பார்த்தாலும் வயலில் நிறுத்துகிறார். நான் என்ன செய்ய?

நான் மறுத்திருக்க வேண்டும். அது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக வீட்டை விட்டுப் போகிற அளவுக்கா?

படம் அப்படியே நிற்கிறது. ஏழு பெண்களில் ஆறு பேர் முடிந்துவிட்டார்கள். நடுவில் நிமிர்ந்து பார்க்கிறவள் மட்டும் பாக்கி. நீ இல்லாமல் அவள் வரமாட்டேன் என்கிறாள். என் பழைய கல்லூரியில் சொல்லி ஒரு மாடல் பெண்ணை வரவழைத்தேன். தானேயிலிருந்து வந்தாள். நல்ல பெண். ஆனால் குனியச் சொன்னால் யோகா வகுப்பில் குனிகிற மாதிரி குனிகிறாள். மூச்சை வேறு எண்ணுகிறாள். கையில் வெந்தயக்கீரைக் கட்டைக் கொடுத்தேன். இதை வைத்து என்ன செய்வது என்று புரியாமல், "இஸ்கா க்யா கரூன், அங்கிள்?" என்றாள். அனுப்பிவிட்டேன்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு திறப்பு விழா. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றுவிட்டுப் போ. சாப்பாடு நான் வாங்கிவருகிறேன். அப்புறம் நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபமாக இரு.

கேஸ் புக் செய்கிற நம்பர் உன் போனில்தான் இருக்கிறது. சிலிண்டர் தீரப்போகிறது.

ராஜா


நெருள்
29 நவம்பர் 2024

ராஜா,

கேஸ் புக் செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரும். வீட்டில் இருங்கள்.

உங்கள் கடிதத்தை சுலைகாவுக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவளைச் சிரிக்க வைக்க வேறெதுவும் கையில் இல்லை. கீரைக்கட்டு வரும் இடத்தில் அவள் தட்டை வைத்துவிட்டாள். "ஏட்டி, அந்தக் கீரையை வச்சுத்தான் உன்னையும் நட வச்சாரா?" என்றாள். ஆமாம் என்றேன். கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய கீரையைக் கையில் பிடித்து, ஹாலில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் கால்மிதியில் நின்று, வேலை முடிந்ததும் அதையே பருப்பில் போட்டு இறக்குவேன் என்றேன். குடத்துக்குப் பதில் பிரஷர் குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதையும் சொன்னேன். "உம் மாப்பிள்ளை உன்னை வயல்ல நிறுத்துனாரு சரி, கூலி குடுத்தாரா?" என்று கேட்டாள். சிரித்தோம். சிரித்துவிட்டு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆரம்பத்தில். கல்யாணமான புதிதில் நீங்கள் "அப்படியே நில்லு" என்று சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஒருவர் நம்மை இவ்வளவு நேரம் உற்றுப் பார்ப்பது யாருக்குக் கிடைக்கும்? நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை. சிறிய வயதிலிருந்து நான் கண்ணாடி போட்டிருக்கிறேன். ஒரு படத்திலாவது அது இருக்கிறதா? முடியை வெட்டிக்கொண்ட பிறகும் உங்கள் கேன்வாஸில் எனக்குக் கொண்டை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. மாந்தோப்பில், வாய்க்கால் கரையில், மாட்டுவண்டியின் பின்னால் என்று இந்த ஊரில் எத்தனை வரவேற்பறைகளில் நான் தொங்குகிறேன்! ஒன்றில்கூட நான் இல்லை.

அத்தை இருந்தபோது நீங்கள் முதல் நடவுப் படத்தைக் கொண்டுபோய்த் தாராவி வீட்டில் காட்டியது நினைவிருக்கிறதா? இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்து பார்த்தார். "ஏல, இதுலேருந்து தப்பிச்சுத்தானல ரயிலேறி வந்தோம். நீ திரும்பக் கொண்டாந்து செவத்துல மாட்டுத?" என்றார். நீங்கள் அதை ஒரு ஜோக்காக எல்லோரிடமும் சொல்வீர்கள். அவர் ஜோக்காகச் சொல்லவில்லை. சேற்றில் நின்ற காலத்துப் புண் அவர் கால்விரல்களுக்கு நடுவே கடைசிவரை ஆறாமலே இருந்ததை நான்தான் பார்த்தேன். மருந்து போட்டவள் நான்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். அந்த வீட்டில் உங்களோடு இருப்பது யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை நான் அங்கே திரும்பி வருவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் முதுகுவலிக்கு டாக்டர் குனியவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். இதுவும் உங்களுக்குத் தெரியும். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்பீர்கள்.

ஷாலினி


செம்பூர்
8 டிசம்பர் 2024

ஷாலு,

உன் கடிதத்தைப் படித்து எரிச்சலாக இருந்தது. மூன்று நாள் பிரஷைத் தொடவில்லை. அப்புறம் உனக்குப் பதிலாக வைத்தீஸ்வரன் சாரிடம் சண்டை போட்டேன். அவர் நேற்று வந்திருந்தார். "சார், எல்லார் மூஞ்சிலயும் ஒரு திருப்தி வேணும். பார்க்கறவாளுக்கு மனசு நெறையணும். சேறு கொஞ்சம் கம்மி பண்ணிடலாமா?" என்றார். "சேறு இல்லாம நடவு நட்டா அது கார்ப்பெட்டு சார்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. போகும்போது மேடத்தைக் கேட்டதாகச் சொன்னார்.

நான் விற்பனைக்காக ஊரை அழகு பண்ணுகிறேன் என்று நீ நினைக்கிறாய். கொஞ்சம் உண்மைதான். எங்கள் ஊரில் இப்போது வயலைச் சுற்றிக் காற்றாலை நிற்கிறது, பாதி நிலம் தரிசு, மீதியில் உடைமுள். அதை வரைந்தால் யாரும் ஹாலில் மாட்டமாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா?

ஆனால் நீ அம்மாவை இழுத்ததால் ஒன்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும்தான்.

நான் முதலில் வரைய நினைத்தது அம்மாவைத்தான். பல தடவை வரைந்தேன். வயலில் வரைந்தேன், தண்ணீர் எடுக்கிற இடத்தில் வரைந்தேன், கோவில் திருவிழாவில் பட்டுச்சேலை கட்டி நிறுத்திக்கூட வரைந்தேன். எப்படி வரைந்தாலும் முகத்தில் களைப்பு வந்து உட்கார்ந்துவிடும். கையை எடுத்துப் பார்த்தால் அதுதான் முதலில் தெரியும். கண்ணைச் சிரிக்க வைத்தால் வாய் சோர்ந்துபோகும். நான் பிறந்ததிலிருந்து அம்மாவை அப்படித்தான் பார்த்திருக்கிறேன், வேறு முகம் எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் நீ வந்தாய். உன்னைக் குடத்தோடு நிறுத்தினேன். படத்தில் களைப்பு வரவில்லை. அதே வயல், அதே சேலை, அதே குனிவு, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. வெயிலில் நின்று பழகாத உடம்பு. கஷ்டப்பட்டிராத முகம். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உன்னால் புரிந்துகொள்ள முடியாது. அம்மா ஒரு நாளாவது அந்த வயலில் களைப்பில்லாமல் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நான் இத்தனை வருஷம் வரைந்தது அதைத்தான்.

இப்போது சொல், வருகிறாயா?

ராஜா


நெருள்
14 டிசம்பர் 2024

ராஜா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன் என்று எழுதினால் சந்தோஷப்படுவீர்கள். அழுதேன். அத்தைக்காக அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். "கஷ்டப்பட்டிராத முகம்" என்ற இடத்தில் கடிதத்தை மேசையில் அறைந்தேன். சுலைகா சமையலறையிலிருந்து "என்னட்டி உடைச்சே?" என்று கேட்டாள்.

என்னை எப்போது பார்த்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து, நீங்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கால்மிதியில் நிற்கும்போது பார்த்தீர்கள். மற்ற நாள்களில் நான் வீட்டுக்கு வரும்போது நீங்கள் கேன்வாஸைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "வந்துட்டியா" என்பீர்கள், திரும்பாமல். கூட்ட ரயிலில் நசுங்கி, குர்லாவில் உள்ளே தள்ளப்பட்டு, செம்பூரில் வெளியே தள்ளப்பட்டு வருவேன். லைப்ரரியில் அன்று முழுக்க ஏணியில் ஏறி இறங்கியிருப்பேன், ஏனென்றால் பியூன் போஸ்ட்டை எடுத்துவிட்டார்கள். வந்ததும் குக்கரை அடுப்பில் வைப்பேன். உங்கள் அம்மாவைக் கடைசி இரண்டு வருஷம் குளிப்பாட்டித் தூக்கி உட்கார வைத்தது யார்? முதுகு எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்?

அத்தைக்கு இது தெரிந்திருந்தது. ஒரு நாள் அவரைத் துடைத்துவிடும்போது என் கன்னத்தைப் பிடித்து, "நீயும் சோந்து போயிட்டியே தாயி" என்றார். கண் சரியாகத் தெரியாத நிலையில் இருந்தவர் சொன்னது அது.

நீங்கள் ஒரு பெண்ணின் களைப்பைப் பார்க்கத் தாங்காமல் இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அவளுக்குக் களைப்பே வராது என்று முடிவு செய்துகொண்டீர்கள். உங்களுக்கு நிம்மதி. எனக்கு? நான் சோர்ந்துபோனால் உங்கள் படம் கெட்டுவிடும் என்று நானும் எத்தனையோ ஞாயிறு முகத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அந்த எரிச்சல்தான் தாங்கவில்லை.

மாலையில் என் ரயில் தினமும் செம்பூரில் நிற்கிறது. நான் இறங்குவதில்லை. ஏழாவது பெண்ணை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாலினி


செம்பூர்
5 ஜனவரி 2025

ஷாலு,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம், எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு மாலை செம்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். லேடீஸ் பெட்டி நிற்கிற இடத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு நீ வந்த வண்டி எது என்று தெரியவில்லை. அடுத்த நாளும் போனேன். நெருள் வழியாகப் போகிற பன்வேல் வண்டி ஒன்று வந்து நின்றது. உள்ளே கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாய். பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. சுலைகாக்கா உன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். கூப்பிடவில்லை.

ஷாலு, நீ அம்மா மாதிரியே இருந்தாய்.

வண்டி போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தேன். விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். முடித்து வைத்திருந்த ஆறு முகமும் குனிந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க முடியவில்லை. நடுவில் உன்னை, நான் பார்த்தபடியே போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தேன். கை ஓடவில்லை. நாலு நாள் முயற்சி செய்தேன். கடைசியில் ஒன்று செய்தேன். ஏழு பேரையும் திருப்பிவிட்டேன். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்து மலையைப் பார்த்து நடுகிறார்கள். ஒரு முகமும் கிடையாது.

வைத்தீஸ்வரன் சார் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். "சார், மாஸ்டர் ஸ்ட்ரோக்! யார் வந்து பார்த்தாலும் தன் அம்மாவை அதுல வெச்சுப் பார்த்துக்கலாம்!" என்றார். எனக்குக் கூசிப்போயிற்று.

திறப்பு விழா பத்தொன்பதாம் தேதி. நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை. என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

ராஜா


நெருள்
20 ஜனவரி 2025

ராஜா,

நேற்று வந்திருந்தேன். சுலைகாவும் நானும் கடைசியில் தூணுக்குப் பின்னால் நின்றோம். நீங்கள் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். முகம் சரியாக இல்லை. சாப்பிடுவதில்லை போலிருக்கிறது.

படம் அழகாக இருக்கிறது. அதுதான் எரிச்சல். அந்தப் பச்சையை உங்களைத் தவிர யாராலும் கொண்டுவர முடியாது. கூட்டம் வரிசையில் நின்று பார்த்தது. வைத்தீஸ்வரன் சாருடைய மனைவி அங்கேயே நின்று மூக்கைச் சிந்தினார். "எங்க அம்மா முதுகு" என்று ஓர் ஆள் போனில் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். சுலைகா மட்டும் என் காதில், "ஏட்டி, அந்த மூணாவது முதுகு உன்னோடது. ஏன்னா அதுலதான் வலி தெரியுது" என்றாள். நான் அவளைக் கிள்ளினேன்.

இரவெல்லாம் யோசித்தேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது சுலைகா அன்றே சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு நாள் மனது இளகிப்போயிருந்தது. அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்தவுடன் வீட்டுக்கு ஓடி, ஏழு பெண்களின் முகத்தையும் உங்களுக்குத் தெரியாத பக்கமாகத் திருப்பிவிட்டீர்கள். ஊரே அதைக் கைதட்டிக் கொண்டாடுகிறது. அத்தையைக் கிழித்துப் போட்டீர்கள், என்னைத் திருப்பி வைத்தீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் டீக்கடைக்குப் பக்கத்தில் இரண்டு மாலை நின்றிருக்கிறீர்கள். அதையும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனவே இப்படிச் செய்யலாம். சனிக்கிழமை லைப்ரரி அரை நாள். மதியம் செம்பூரில் இறங்குகிறேன். வீட்டுக்கு வந்ததும் சமைக்கமாட்டேன். எதுவும் பேசமாட்டேன். நேராகக் கட்டிலில் போய்ப் படுத்துத் தூங்குவேன். எவ்வளவு நேரம் தூங்குவேன் என்று தெரியாது, இரவாகலாம். குறட்டை விடுவேன் என்று சுலைகா சொல்கிறாள். நீங்கள் நாற்காலியை இழுத்துப்போட்டு, என் முகம் தெரிகிற பக்கம் உட்கார வேண்டும். கையில் பென்சில் இருக்கக் கூடாது. போன் இருக்கக் கூடாது. எழுந்து பால்கனிக்குப் போகக் கூடாது. அம்மா நினைவு வந்தால் வரட்டும். அதற்காகத் திரும்பிக்கொள்ளக் கூடாது.

நான் கண்ணைத் திறக்கும்போது நாற்காலி காலியாக இருந்தால், சத்தம் போடாமல் பையை எடுத்துக்கொண்டு நெருள் வண்டியைப் பிடித்துவிடுவேன்.

ஷாலினி